இணையவழி அறநிதி திரட்டலில் வெற்றியும் பொறுப்புடைமையும்: தனிநபர், நிறுவன முயற்சிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இணையத்தின் வழியாக அறப்பணிகளுக்குப் பொருள் திரட்டும் முறை கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் உலகெங்கும் பரவியுள்ளது. தனிநபரும் நிறுவனங்களும் இம்முறையைக் கையாளுகின்றனர். ஒரு திரட்டலின் வெற்றி பெரும்பாலும் சேர்ந்த தொகையைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. அம்மதிப்பீடு முழுமையற்றது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். பிரித்தானியாவில் கேப்டன் டாம் மூர் மேற்கொண்ட நடைத் திரட்டல் (2020), அமெரிக்காவில் தோன்றிய பனிநீர் வாளி அறைகூவல் (2014), ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கான நிதி திரட்டல் (2015–2018) ஆகிய மூன்றும் இங்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. பணம் செல்லும் வழியை முன்கூட்டியே வரையறுத்தலும், முடிவில் கணக்கு ஒப்புவித்தலும் வெற்றியின் அடிப்படைகள் என்பது இவற்றின்வழி விளக்கப்படுகிறது. இந்தியாவில் இம்முயற்சியில் இறங்குவோர் அறிய வேண்டிய சட்ட நெறிகளும் நடைமுறைகளும் தொகுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அறநிதி, திரள்நிதி, கொடையாளர், பொறுப்புடைமை, கணக்கு ஒப்புவித்தல், தமிழ் இருக்கை, நிறுவனச் சமூகப் பொறுப்பு.

முன்னுரை

திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த தனி அதிகாரங்களாக (22, 23) வகுத்துள்ளது. ஊரோடு ஒத்து வாழ்பவன் பொதுநன்மைக்குச் செய்யும் கடமை ஒப்புரவு. வறியவர்க்குக் கொடுத்தல் ஈகை. இணையவழி அறநிதி திரட்டல் இவ்விரண்டின் எல்லையில் நிற்கும் ஒரு செயல் எனலாம். முகமறியாத பலர் சிறுசிறு தொகைகளைச் சேர்த்து, முகமறியாத ஒருவர்க்கோ ஒரு பொதுப்பணிக்கோ அளிக்கின்றனர். கொடுப்பவர்க்கும் பெறுபவர்க்கும் இடையே நின்று கேட்பவர் ஒருவர் உண்டு. அவரை இக்கட்டுரை திரட்டுநர் என்று குறிப்பிடுகிறது.

இவ்வகை முயற்சிகளைப் பற்றிய பொதுப் பேச்சில் பெருவெற்றி பெற்றவை மட்டுமே இடம்பெறுகின்றன. உண்மை நிலை வேறு. ஐக்கிய அமெரிக்காவில் 2016 முதல் 2020 வரை ஒரு தளத்தில் தொடங்கப்பட்ட நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட மருத்துவ நிதித் திரட்டல்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2022இல் வெளிவந்தது. அவற்றுள் 12 விழுக்காட்டிற்கும் குறைவானவையே இலக்கை எட்டின. ஏறத்தாழ 16 விழுக்காட்டு முயற்சிகளுக்கு ஒரு கொடையேனும் கிட்டவில்லை. ஆகவே, பக்கம் ஒன்றைத் தொடங்கினால் பணம் தானாக வரும் என்னும் எண்ணம் தவறானது. அதுபோலவே, பணம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்னும் எண்ணமும் தவறானது. இவ்விரு தவறுகளையும் உரிய சான்றுகளுடன் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கொடையும் பொதுப்பதிவும்: ஒரு முன்வரலாறு

இணையம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, கொடையைப் பொதுவெளியில் பதிவுசெய்யும் வழக்கம் இருந்துள்ளது. முதலாம் இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டில், தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தானும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் அளித்த கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். இக்கோயிலின் விளக்குக் கொடைகள் கருதத்தக்கன. ஒரு விளக்கு நாள்தோறும் எரிய ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்ற கணக்கில் கால்நடைகள் இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. கொடுத்தவர் யார், கொடுத்தது எவ்வளவு, யார் பொறுப்பில் உள்ளது, அதிலிருந்து நாள்தோறும் என்ன வர வேண்டும் ஆகிய நான்கும் இவ்வகைப் பதிவுகளில் இடம்பெற்றுள்ளன. கொடையை வாங்கியதோடு நில்லாமல் அதன் பயன் தொடர்வதற்கும் ஏற்பாடு செய்யப்பட்டிருப்பதை இங்குக் காணமுடிகிறது.

சிறு கொடைகளைப் பெருமளவில் திரட்டிய முயற்சிக்கு 1885ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று சான்றாகும். நியூயார்க்கில் நிறுவப்படவிருந்த விடுதலைச் சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதவில்லை. 'தி வேர்ல்டு' நாளிதழின் உரிமையாளர் ஜோசப் புலிட்சர் தம் இதழின் வழியே பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். கொடுத்த தொகை எவ்வளவு சிறிதாயினும் கொடுத்தவரின் பெயரை அச்சிடுவதாக உறுதியளித்தார். சில மாதங்களில் 1,20,000க்கும் மேற்பட்டோரிடமிருந்து ஓர் இலட்சம் டாலருக்கும் மிகுதியான தொகை சேர்ந்தது. கொடையாளருள் பெரும்பாலோர் ஒரு டாலரோ அதற்கும் குறைவாகவோ கொடுத்தவர்கள்.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் காலத்தாலும் இடத்தாலும் தொடர்பில்லை. எனினும், பொதுப்பதிவு கொடையாளரிடம் நம்பிக்கையை உருவாக்குகிறது என்பது இரண்டிலும் புலனாகிறது. இணையத் தளங்களில் கொடையாளர் பெயரும் தொகையும் வரிசையாகத் தோன்றுவது இப்பழைய நடைமுறையின் தொடர்ச்சியே எனலாம். ஆனால், தஞ்சைப் பதிவுகளில் காணப்படும் பிற்பகுதி, அதாவது கொடை எவர் பொறுப்பில் உள்ளது, என்ன பயன் தர வேண்டும் என்ற பகுதி, இன்றைய இணையப் பக்கங்கள் பலவற்றில் இடம்பெறுவதில்லை.

2. தனிநபர் முயற்சி: கேப்டன் டாம் மூர்

2.1 திரட்டல் வளர்ந்த முறை

டாம் மூர் 1920 ஏப்ரல் 30 அன்று இங்கிலாந்தின் யார்க்சயரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலும் பர்மாவிலும் பணியாற்றியவர். 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கக் காலத்தில், பெட்போர்டுசயரில் உள்ள தம் வீட்டுத் தோட்டத்தில் நடைச்சட்டத்தின் துணையுடன் நடக்கத் தொடங்கினார். ஒரு சுற்றின் நீளம் 25 மீட்டர். நூறாவது பிறந்தநாளுக்குள் நூறு சுற்றுகளை முடிப்பது அவருடைய உறுதிமொழி. பிரித்தானியத் தேசிய நலச் சேவையின் அறநிதிகளை ஒருங்கிணைக்கும் அமைப்புக்காக 1,000 பவுண்டு திரட்டுவது இலக்கு. இதற்கெனக் குடும்பத்தினர் ஜஸ்ட்கிவிங் தளத்தில் ஒரு பக்கம் தொடங்கினர்.

முதல் இலக்கு சில நாள்களில் எட்டப்பட்டது. உள்ளூர் வானொலியும் அடுத்து நாடு தழுவிய ஊடகங்களும் செய்தி வெளியிட்டபின் தொகை பெருகியது. ஏப்ரல் 16 அன்று நூறாவது சுற்று நிறைவுற்றது. பிறந்தநாளன்று திரட்டல் முடிவடைந்தபோது, 15 இலட்சத்திற்கும் மேற்பட்டோரிடமிருந்து சுமார் 3.28 கோடி பவுண்டு சேர்ந்திருந்தது. பிரித்தானியாவில் வரி செலுத்துவோர் அறநிறுவனத்திற்கு ஒரு பவுண்டு கொடுத்தால், அந்நிறுவனம் அரசிடமிருந்து 25 பென்சு மீட்டுக்கொள்ளும் திட்டம் உண்டு. அதன்வழி 60 இலட்சம் பவுண்டுக்கும் மிகுதியாகக் கூடுதல் தொகை எதிர்பார்க்கப்பட்டது.

இதன் வெற்றிக்குப் பல காரணங்கள் உள. நடப்பவரின் வயது, நடக்கும் தொலைவு, முடிக்க வேண்டிய நாள் ஆகிய மூன்றும் ஒரே தொடரில் சொல்லத்தக்கனவாய் இருந்தன. இலக்குத் தொகை எளியது; எனவே அது விரைவில் எட்டப்பட்டு, அதுவே செய்தியாயிற்று. முதியவர் தேசிய நலச் சேவையின் மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர். அந்நன்றியே நடைக்குக் காரணம் என்பதால் கேட்பவர்க்கும் நோக்கத்திற்கும் உள்ள உறவு இயல்பாக விளங்கியது. நாட்டு மக்கள் வீட்டுக்குள் முடங்கி, நலப்பணியாளர்க்கு ஏதேனும் செய்ய விரும்பிய காலச்சூழலும் துணைசெய்தது. இவற்றுள் காலச்சூழலையும் ஊடக வெளிச்சத்தையும் எவரும் திட்டமிட இயலாது. நோக்கத்தின் தெளிவும், எட்டக்கூடிய இலக்கும், கேட்பவரின் இயல்பான உறவும் திட்டமிடக்கூடியவை.

2.2 பணம் சென்ற வழி

இத்திரட்டலில் அதிகம் பேசப்படாத ஒரு கூறு உண்டு. சேர்ந்த தொகை டாம் மூரின் கைக்கோ குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கோ வரவில்லை. தளத்தின் வழியே நேரடியாக, முன்னரே பதிவுபெற்றிருந்த அறநிறுவனத்தைச் சென்றடைந்தது. அந்நிறுவனம் இருநூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனை அறநிதிகளுக்கு நிதி பகிர்ந்தளிக்கும் அமைப்பாகும். ஆயிரம் பவுண்டுக்கு எனத் தொடங்கிய பக்கம் மூன்று கோடியைக் கடந்தபோதும், அத்தொகையைக் கையாளும் ஆற்றலுடைய அமைப்பு மறுமுனையில் இருந்தது. திரட்டுநர் நடந்தார், நிதியைக் கையாளவில்லை.

2.3 பின்னர் நிகழ்ந்தது

2020 சூனில் டாம் மூரின் பெயரில் தனி அறக்கட்டளை ஒன்று பதிவுசெய்யப்பட்டது. அவர் 2021 பிப்ரவரி 2 அன்று காலமானார். அறக்கட்டளைக்கும் குடும்பத்தினரின் வணிக நிறுவனங்களுக்கும் இடையிலான தொடர்புகள் குறித்து இங்கிலாந்து – வேல்சு அறநிறுவன ஆணையம் 2022 சூனில் சட்டப்படியான விசாரணையைத் தொடங்கியது. 2024 நவம்பரில் அதன் அறிக்கை வெளிவந்தது. அறக்கட்டளையின் நலனும் தனிப்பட்ட ஆதாயமும் பிரித்து வைக்கப்படவில்லை என்றும், முறைகேடும் நிர்வாகக் குறைபாடும் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தன என்றும் ஆணையம் முடிவுசெய்தது. நூல் வெளியீட்டு ஒப்பந்தத்தின் முன்பணமான 14 இலட்சம் பவுண்டுக்கும் மேற்பட்ட தொகை குடும்பத்தின் நிறுவனத்திற்குச் சென்றதும், அதில் எப்பகுதியும் அறக்கட்டளைக்கு அளிக்கப்படாததும் அறிக்கையில் இடம்பெற்றன. குடும்பத்தினர் இம்முடிவுகளை ஏற்கவில்லை. தாங்கள் நேர்மையாக நடத்தப்படவில்லை என்று கூறினர்.

தொடக்கத்தில் திரட்டப்பட்ட 3.28 கோடி பவுண்டு இவ்விசாரணைக்கு உட்பட்டதன்று. அத்தொகை உரிய இடம் சேர்ந்திருந்தது. ஒரே பெயர், ஒரே குடும்பம், ஒரே ஆண்டு. எனினும் ஒரு நிதி மாசின்றிச் சென்றது; மற்றொன்று வழக்காயிற்று. முதல் நிதிக்கு வழி முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. இரண்டாவதில் எது அறநிதி, எது குடும்ப வருவாய் என்னும் எல்லைக்கோடு உரிய காலத்தில் வரையப்படவில்லை. வேறுபாடு மனிதர்களின் இயல்பைக் காட்டிலும் அமைப்பு முறையையே பெரிதும் சார்ந்திருந்தது என்று கொள்ளலாம். நல்லெண்ணத்தை நம்பி அமைப்பைத் தவிர்க்கும் திரட்டுநர்க்கு இது ஓர் எச்சரிக்கையாகும்.

3. அமைப்பு சார்ந்த முயற்சி: பனிநீர் வாளி அறைகூவல்

2014ஆம் ஆண்டுக் கோடையில், தலையில் பனிநீரை ஊற்றிக்கொண்டு அதைப் படம்பிடித்து வெளியிடும் அறைகூவல் சமூக ஊடகங்களில் பரவியது. இயக்க நரம்புச் சிதைவு நோய்களுள் ஒன்றான ஏ.எல்.எஸ். நோய்க்கான நிதியோடு இது இணைந்தது. அந்நோயால் பாதிக்கப்பட்ட இளைஞர்களான பீட் ஃப்ரேட்சு, பேட் குவின் ஆகியோர் இதனைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர்கள். அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கம் முந்தைய ஆண்டு சூலை இறுதி முதல் ஆகத்து இறுதி வரை பெற்ற கொடை 28 இலட்சம் டாலர். 2014இல் அதே ஒரு மாதத்தில் பெற்றது 10 கோடி டாலருக்கும் மிகுதி. மொத்தத் தொகை 11.5 கோடி டாலரை எட்டியது.

இவ்வறைகூவலின் அமைப்பில் பரவுதற்கான வழி உள்ளிணைந்திருந்தது. பங்கேற்றவர் மூவரையேனும் பெயர் சொல்லி அழைப்பார்; அழைக்கப்பட்டவர் 24 மணி நேரத்தில் செய்ய வேண்டும் அல்லது கொடை அளிக்க வேண்டும். பொதுவாக விடுக்கப்படும் வேண்டுகோளுக்குச் செவிசாய்க்காதவரும், தம் பெயரைச் சொல்லி நண்பர் அழைக்கும்போது மறுமொழி கூறுகின்றனர். அதே ஆண்டில் ஐதராபாத்தில் பனிநீருக்கு மாற்றாக அரிசி வாளி அறைகூவல் தோன்றியது. நீரை ஊற்றுவதை விடுத்து, அருகிலுள்ள வறியவர்க்கு ஒரு வாளி அரிசி கொடுக்குமாறு அது அழைத்தது. வடிவம் இடத்திற்கேற்ப மாறக்கூடியது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

எதிர்பாராத பெருந்தொகையைப் பெற்ற சங்கம் அதனை எவ்வாறு கையாண்டது என்பதே இங்கு முதன்மையான வினா. சங்கம் தன் ஒதுக்கீட்டைப் பொதுவில் வெளியிட்டது: ஆய்வுக்கு 7.7 கோடி டாலர், நோயாளர் மற்றும் சமூகப் பணிகளுக்கு 2.3 கோடி, பொதுமக்கள் மற்றும் மருத்துவத் துறையினர் கல்விக்கு 1 கோடி, நிதி திரட்டும் செலவுக்கு 30 இலட்சம், பணப் பரிமாற்றக் கட்டணத்திற்கு 20 இலட்சம். பரிமாற்றக் கட்டணம்கூடத் தனியே காட்டப்பட்டிருப்பது கருதத்தக்கது. 2016இல் இந்நிதியின் துணைபெற்ற பன்னாட்டு ஆய்வொன்று, இந்நோயோடு தொடர்புடைய மரபணு ஒன்றினை அறிவித்தது. விளையாட்டாகச் செய்யப்பட்டதென்று விமர்சிக்கப்பட்ட ஒரு திரட்டல், ஈராண்டு கழித்துத் தன் பயனைச் சுட்டிக்காட்ட முடிந்தது. ஒதுக்கீடு வெளியிடப்பட்டிருந்ததாலேயே அப்பயனைக் கொடையோடு பொருத்திக் காண இயன்றது.

இதில் ஒரு சறுக்கலும் உண்டு. அறைகூவலின் பெயரை வணிக முத்திரையாகப் பதிவுசெய்யச் சங்கம் 2014 ஆகத்தில் விண்ணப்பித்தது. மக்களால் உருவான ஒன்றைச் சங்கம் தனதாக்குகிறது என்று கண்டனம் எழவே, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. பலர் சேர்ந்து உருவாக்கிய முயற்சியில் நிறுவனம் உரிமை பாராட்டும்போது நம்பிக்கை குறைகிறது என்பதை இதனால் அறியலாம்.

4. கல்விப்புல முயற்சி: ஹார்வர்டு தமிழ் இருக்கை

தமிழர் மேற்கொண்ட திரட்டல்களுள் பலநாட்டவரும் பங்கேற்ற ஒன்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை நிறுவும் முயற்சியாகும். இலக்கு 60 இலட்சம் டாலர். அமெரிக்காவில் வாழும் மருத்துவர்கள் விஜய் ஜானகிராமன், சு. திருஞானசம்பந்தம் ஆகிய இருவரும் ஆளுக்கு 5 இலட்சம் டாலர் அளித்து 2015இல் இதனைத் தொடங்கினர். தமிழ்நாடு அரசு 2017இல் 10 கோடி ரூபாய் அறிவித்தது. அரசியல் கட்சிகள், திரைக்கலைஞர்கள், தமிழ்ச் சங்கங்கள், மாணவர்கள் எனப் பலரும் தொகை அளித்தனர். 2018 மார்ச்சில் இலக்கு நிறைவெய்தியது.

முன்னர்க் கண்ட கூறுகள் இதிலும் அமைந்துள்ளன. இலக்குத் தொகையைத் திரட்டுநர்கள் தாமே முடிவுசெய்யவில்லை. ஒரு நிலையான இருக்கைக்குப் பல்கலைக்கழகம் வகுத்த அளவு அது. எனவே, 'இவ்வளவு ஏன்' என்ற வினாவுக்கு விடை இருந்தது. கேட்பதற்கு முன் கேட்பவர்கள் தாமே கொடுத்திருந்தனர். இலக்கில் ஆறில் ஒரு பங்கு முதல் நாளிலேயே கையில் இருந்தது. இறுதியில் நிதியை ஏற்று நிர்வகிப்பது பல்கலைக்கழகம். அது மூலநிதியாக வைக்கப்பட்டு அதன் வருவாயிலிருந்து இருக்கை நடைபெறும். 96 ஆடுகளை ஒப்படைத்து நாள்தோறும் உழக்கு நெய் பெற்ற பழைய ஏற்பாட்டின் தருக்கமும் இதுவே.

நிதி நிறைந்தவுடன் பேராசிரியர் அமர்த்தப்பட்டுவிடவில்லை. பல்கலைக்கழகத் தேர்வு முறைகள் தமக்குரிய காலத்தை எடுத்துக்கொண்டன. அக்காலத்தில், கொடுத்த பணம் என்னவாயிற்று என்ற வினா தமிழ்ச் சமூகத்தில் எழுந்தது இயல்பே. இலக்கு எட்டிய நாளுக்கும் பயன் தெரியும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் கொடையாளரிடம் தொடர்ந்து பேச வேண்டிய கடமை திரட்டுநர்க்கு உண்டு என்பது இதனால் பெறப்படும்.

5. இந்தியச் சூழலில் சட்ட நெறிகள்

5.1 தனிநபர்

இந்தியாவில் மிலாப் (2010), கெட்டோ (2012) முதலிய தளங்கள் தோன்றியபின்னும், 2016இல் யுபிஐ முறை அறிமுகமானபின்னும் சிறு கொடைகள் அளிப்பது எளிதாயிற்று. எளிமை பெருகிய அளவு ஐயமும் பெருகியுள்ளது. தனிநபர் ஒருவர் கவனிக்க வேண்டிய முதல் வேறுபாடு, ஒருவரின் சிகிச்சைக்குக் கொடுப்பதும் பதிவுபெற்ற அறக்கட்டளைக்குக் கொடுப்பதும் ஒன்றல்ல என்பதாகும். வருமான வரிச் சலுகை ஒப்புதல் பெற்ற நிறுவனங்களுக்கு அளிக்கும் கொடைக்கே உரியது. தனிநபர் கணக்கில் செலுத்தும் உதவித்தொகைக்கு அது பொருந்தாது. சலுகை உண்டு எனத் தவறாக அறிவித்தல் கொடையாளரை ஏமாற்றுவதாகும்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவின்கீழ், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட கொடை ரொக்கமாக அளிக்கப்பட்டால் சலுகை இல்லை. கொடை பெறும் நிறுவனம் 10பிடி படிவத்தில் கொடையாளர் விவரங்களைத் தாக்கல் செய்து, 10பிஇ சான்றிதழை வழங்க வேண்டும் என்ற நடைமுறை 2021–22 நிதியாண்டு முதல் வந்தது. புதிய வரி முறையைத் தேர்ந்தோர்க்கு இச்சலுகை கிட்டாது. 2025இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம் பிரிவுகளின் எண்களை மாற்றியமைத்துள்ளதால், அறிவிப்பில் எண் குறிப்பிடுவோர் நடப்பு நிலையைச் சரிபார்த்தல் வேண்டும்.

அயலகத் தமிழரிடம் நிதி வேண்டுவோர் வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை)ச் சட்டத்தை (2010) அறிந்திருத்தல் இன்றியமையாதது. வெளிநாட்டவரிடமிருந்து கொடை பெற ஓர் அமைப்புக்குப் பதிவோ முன் அனுமதியோ தேவை. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அத்தொகை புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில் மட்டுமே வந்துசேர வேண்டும். இந்தியக் குடியுரிமையுடன் வெளிநாட்டில் வாழ்பவர் தம் சேமிப்பிலிருந்து உரிய வங்கி வழியில் அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. பிறநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட தமிழர் அனுப்புவது அவ்வாறு கருதப்படும். ஒரே குடும்பத்தில் அண்ணன் அனுப்பும் தொகைக்கும் தம்பி அனுப்பும் தொகைக்கும் சட்டநிலை வேறாகலாம். கடவுச்சீட்டே இங்கு அளவுகோல்.

5.2 நிறுவனம்

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு நிறுவனச் சமூகப் பொறுப்பைக் கட்டாயமாக்கியது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். தன் ஊழியர்க்கு மட்டும் பயன்படும் செயல்கள் இதில் அடங்கா. இப்பணியை ஏற்றுச் செய்யும் அமைப்புகள் 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும்.

நிறுவனம் ஒன்று இணையவழித் திரட்டலில் இறங்கும்போது மூவகைப் பணம் ஒன்றுகூடுகிறது: நிறுவனத்தின் சொந்தப் பணம், ஊழியர் தம் ஊதியத்திலிருந்து தருவது, வாடிக்கையாளரும் பொதுமக்களும் தருவது. இம்மூன்றையும் ஒரே தொகையாகக் கூட்டி 'எங்கள் நிறுவனம் அளித்தது' என அறிவித்தல் பிழை. ஊழியர் தரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நிறுவனம் ஒரு ரூபாய் சேர்க்கும் இணைக்கொடை முறை நற்பயன் தருவது. அதற்கும் உச்சவரம்பும் இறுதி நாளும் முன்னரே அறிவிக்கப்படவேண்டும். பங்கேற்க விரும்பாத ஊழியரின் பெயர் மேலதிகாரிக்குத் தெரியும் வகையில் பட்டியல் அமையலாகாது. வற்புறுத்திப் பெறுவது கொடையாகாது.

6. திரட்டலை அமைக்கும் முறை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து பெறப்படும் நடைமுறையை மூன்று படிநிலைகளாக வகுக்கலாம்.

முதலாவது, தொடங்குமுன் செய்வன. தேவை அளவிடக்கூடியதாக இருத்தல் வேண்டும். கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஓர் அரசுப் பள்ளிக்கு நூலகம் அமைக்க நூல்களுக்கு 2,00,000 ரூபாய், அலமாரிகளுக்கு 60,000, போக்குவரத்துக்கு 15,000 எனின் தேவை 2,75,000 ரூபாய். பரிமாற்றக் கட்டணம் 2 விழுக்காடு எனக் கொண்டால், ஏறத்தாழ 2,81,000 ரூபாய் திரண்டால்தான் பள்ளிக்கு 2,75,000 சேரும். இக்கணக்கைப் பக்கத்திலேயே வெளியிடலாம். கட்டணமில்லை என அறிவிக்கும் தளங்களும் கொடையாளரிடம் விருப்பத்தொகை கேட்பதுண்டு. அதனையும் முன்கூட்டியே தெரிவித்தல் நன்று. பெறும் கணக்கு இயன்றவரை பயனளிக்கும் நிறுவனத்தின் பெயரிலேயே அமைய வேண்டும்: மருத்துவமனை, பள்ளி அல்லது பதிவுபெற்ற அறக்கட்டளை. தொகை மிஞ்சினால் என்ன செய்யப்படும், குறைந்தால் என்ன செய்யப்படும் என்பதையும் எழுத்தில் தர வேண்டும். பொதுவில் அறிவிக்குமுன் நெருங்கிய சுற்றத்தார், நண்பர் ஆகியோரிடமிருந்து ஒரு பகுதியைப் பெறுதல் இன்றியமையாதது. ஒருவரும் கொடுக்காத பக்கத்தில் முதலாவதாகக் கொடுக்கப் பலர் தயங்குவர்.

இரண்டாவது, நடைபெறும் காலத்தில் செய்வன. பொது வேண்டுகோளைவிடப் பெயர் சொல்லி எழுதும் மடல் பயன் தரும். ஒவ்வொரு கட்டத்திலும் புதிய செய்தி ஒன்று இருத்தல் வேண்டும்: பாதித் தொகை சேர்ந்தது, அலமாரி வாங்கப்பட்டது என்றவாறு. கேட்பதை மட்டும் மீண்டும் மீண்டும் சொன்னால் படிப்போர் விலகுவர். பரவத் தொடங்கிய திரட்டலின் படங்களைக் கொண்டு பொய்ப் பக்கங்கள் தொடங்கப்படுவதும், கியூஆர் குறியீடு மாற்றி ஒட்டப்படுவதும் நிகழ்கின்றன. யுபிஐ வழியே செலுத்துமுன் பெறுபவரின் பெயர் திரையில் தோன்றும். அப்பெயர் எதுவாக இருக்க வேண்டும் என்பதை அறிவிப்பிலேயே குறிப்பிட்டால் கொடையாளர் தாமே சரிபார்த்துக்கொள்வர்.

மூன்றாவது, முடிந்தபின் செய்வன. மொத்த வரவு, கட்டணம், ஒப்படைத்த தொகை, ஒப்படைத்த நாள், பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டு ஆகிய ஐந்தும் கொண்ட ஒரு பக்கக் கணக்கை, திரட்டல் நடந்த அதே இடத்தில் வெளியிட வேண்டும். ஆறு திங்கள் கழித்துப் பயன் பற்றிய ஒரு குறிப்பை அனுப்புதல் சிறப்பு. பத்து ரூபாய் கொடுத்தவர்க்கும் அக்கணக்கைக் காணும் உரிமை உண்டு.

7. அறச்சிக்கல்களும் வரம்புகளும்

மருத்துவத் திரட்டல்களில் சிக்கல் மிகுதி. முதுகுத் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோய்க்குரிய மரபணு மருந்தின் விலை 2021இல் இந்தியாவில் சுமார் 16 கோடி ரூபாயாக இருந்தது. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன் அளிக்க வேண்டிய மருந்து என்பதால், குடும்பங்கள் காலத்தோடு போட்டியிட நேர்ந்தது. சில குழந்தைகளுக்கு இணையவழித் திரட்டலால் மருந்து கிட்டியது. ஒரு குழந்தைக்குக் கிட்டியதும் இன்னொரு குழந்தைக்குக் கிட்டாமற் போனதும் நோயின் தன்மையால் அன்று. படம் எவ்வாறு பரவியது, பெற்றோர்க்கு யாரைத் தெரியும் என்பவற்றால் அது முடிவாயிற்று. திரள்நிதி நல்லது செய்யும், நீதியாகப் பகிராது. பொது மருத்துவக் கட்டமைப்புக்கு அதனை மாற்றாகக் கொள்ள இயலாது.

பயனாளரின் மானமும் கருதத்தக்கது. நோயுற்ற குழந்தையின் படம் இணையத்தில் ஒருமுறை ஏறினால், அக்குழந்தை வளர்ந்தபின்னும் அது நீங்குவதில்லை. முகம் காட்டாமல் மருத்துவமனையின் மதிப்பீட்டுச் சான்றையும் நேரடிக் கணக்கையும் காட்டி நம்பிக்கை பெற முடியுமாயின் அதுவே மேலானது. கண்ணீரைக் காட்டிச் சேர்க்கும் பணத்திற்கும் சான்றைக் காட்டிச் சேர்க்கும் பணத்திற்கும் தொகையில் வேறுபாடு இருக்கலாம். அவ்வேறுபாட்டின் விலையைச் செலுத்துபவர் பயனாளர் என்பதைத் திரட்டுநர் மறத்தலாகாது.

முடிவுரை

இக்கட்டுரையில் ஆராயப்பட்டவற்றிலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. பெருவெற்றி பெற்ற திரட்டல்களில் காலச்சூழலுக்கும் ஊடகத்திற்கும் பங்குண்டு. அவற்றைப் பின்பற்றித் திட்டமிட இயலாது. தெளிவான தேவை, காரணம் சொல்லத்தக்க இலக்கு, கேட்பவரின் முதற்கொடை, பெயர் சொல்லி அழைத்தல் ஆகியன எவரும் பின்பற்றத்தக்கவை. டாம் மூரின் பெயரோடு தொடர்புடைய இரு நிதிகளின் வேறுபட்ட முடிவுகள், பணம் செல்லும் வழியைக் கேட்பதற்கு முன்னரே வகுக்க வேண்டும் என்பதை உணர்த்துகின்றன. ஏ.எல்.எஸ். சங்கத்தின் ஒதுக்கீட்டு வெளியீடு, கணக்கு ஒப்புவித்தல் பயனையும் விளங்கச் செய்யும் என்பதைக் காட்டுகிறது. ஹார்வர்டு தமிழ் இருக்கை, இலக்கு எட்டியபின்னும் கொடையாளரோடு உரையாடல் தொடர வேண்டும் என்பதை அறிவுறுத்துகிறது.

இன்று கல்லூரிகளிலும் தமிழ் அமைப்புகளிலும் சுவடிப் பாதுகாப்பு, மாணவர் உதவித்தொகை, நூல் வெளியீடு முதலிய பணிகளுக்கு இணையவழியே நிதி கேட்கப்படுகிறது. கேட்போருள் பலர் ஆசிரியர்களும் ஆய்வாளர்களுமே. அவர்கள் ஒருமுறை கணக்குக் காட்டத் தவறினால், அடுத்துக் கேட்க வரும் உண்மையான தேவையுடையவருக்கு மறுப்பே விடையாகக் கிடைக்கும். ஆகவே, தங்கள் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு சிறு திரட்டலுக்கும் ஒரு பக்கக் கணக்கை வெளியிடுதலை அவர்கள் வழக்கமாகக் கொள்ளுதல் வேண்டும்.